பெட்டிக்குள் பிள்ளை, தாழ்வாரத்தில் வீடு

1

குறைமாதக் குழந்தையின் வரலாறு என்று நம் கைக்குக் கிடைப்பதெல்லாம் கருவிகளின் வரலாறுதான். எந்த ஆண்டில் எந்தப் பெட்டி வந்தது, எந்த மருந்து வந்தது, எத்தனை கிராம் குழந்தைவரை பிழைக்கவைக்க முடிந்தது என்ற வரிசையில் அது எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர்கள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவர்கள். பெட்டி இருந்த அறைக்கு ஒரு கதவு இருந்தது. கதவுக்கு வெளியே ஒரு தாழ்வாரம். அந்தத் தாழ்வாரத்தில் பாயும் தூக்குவாளியும் துணிமூட்டையுமாக ஒரு குடும்பம் முப்பது நாள், நாற்பது நாள் கிடந்தது. அது இந்த வரலாற்றில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கதவைப் பற்றியது. அது எப்போது மூடப்பட்டது, எதன் பெயரால் மூடப்பட்டது, பிறகு ஏன் பாதி திறக்கப்பட்டது என்பதைப் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் நின்று பார்க்கும் ஒரு முயற்சி.

சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. 1996இல் என் அக்காவுக்கு ஏழாம் மாதம் முடியுமுன்பே பிரசவமாகிவிட்டது. செந்துறைப் பக்கம் முந்திரிக்காட்டு ஊர். பெண்குழந்தை. ஒன்றேகால் கிலோ இருக்கும் என்றார்கள். பழைய வேட்டித் துணியில் சுற்றி, அம்மாயி தன் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொள்ள, வாடகைக் காரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை. அன்றைக்கு எங்கே போயிருந்தாலும் அநேகமாக அதே கதவுதான். குழந்தையை வாங்கி உள்ளே கொண்டுபோனார்கள். "பெட்டியில வச்சிருக்கு, நீங்க வெளிய இருங்க" என்றார்கள். அம்மாயி முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த பித்தளைப் பாலாடையை எடுத்து நீட்டினாள். "இதெல்லாம் உள்ள வராது பாட்டி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அக்கா பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு நாளில் இரண்டு தடவை கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பன்னிரண்டாம் நாள் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். பெற்றவள் தன் பிள்ளையை முதன்முதலாகத் தூக்கியது அப்போதுதான்.

உள்ளே இருந்தவர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள் என்றே இன்றும் நினைக்கிறேன். யார்மீதும் பிராது கொடுப்பதற்காக இதை எழுதவில்லை. ஆனால் அக்கா வெகுகாலம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்: "நான் உள்ள போயிருந்தா என்னடா கெட்டுப்போயிருக்கும்?" அது துக்கத்தில் கேட்கிற கேள்வி, பதில் கிடையாது என்றுதான் நாங்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டோம். அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு என்பதும், உலகத்தில் வேறு பலரும் அதையே கேட்டிருக்கிறார்கள் என்பதும் எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

2

முதலில் சொற்களைப் பார்ப்போம். மருத்துவம் வாரத்தில் எண்ணுகிறது. 37 வாரம் நிறையுமுன் பிறந்தால் குறைமாதம். 32க்கும் 28க்கும் முன் என்றால் ஆபத்து படிப்படியாகக் கூடுகிறது. எடையில் எண்ணினால் இரண்டரைக் கிலோ என்று ஒரு கோடு. குடும்பம் எண்ணுவது மாதத்தில், அதைவிடச் சடங்கில். ஏழிலோ ஒன்பதிலோ வளைகாப்பு, பிறகு தாய்வீடு, பிறகு பிரசவம், தீட்டுக் கழித்தல், தொட்டில், பெயர். பிள்ளை குறைமாதத்தில் பிறக்கும்போது இந்த வரிசை குலைந்துபோகிறது. வளையல் அடுக்காத கையோடு பெண் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். தாய்வீட்டுக்கு அழைத்துப்போக நாள் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நேரே தாழ்வாரத்துக்கு வருகிறார்கள். செலவு யாருடையது, மாமியார் வீட்டுடையதா தாய்வீட்டுடையதா என்பதில் ஒரு முணுமுணுப்பு. பிள்ளை பிறந்துவிட்டது, ஆனால் வீட்டுக்கு வரவில்லை. பிறப்புக்கும் வருகைக்கும் நடுவே விழும் இந்தக் காலத்துக்கு நம் சடங்குகளில் பெயரே கிடையாது.

ஆனால் பிழைப்புக்கும் பிழைக்காமைக்கும் நடுவில் நிற்கும் உயிரைப் பற்றி நம் மொழி யோசிக்காமல் இல்லை. திருவாசகத்தின் போற்றித் திருவகவலில், கரு ஒவ்வொரு மாதமும் எந்தெந்த இடரிலிருந்து தப்பி வருகிறது என்று மாணிக்கவாசகர் மாதவாரியாக அடுக்கிக்கொண்டு போகிறார். கருப்பையைப் பத்திரமான இடம் என்று கற்பனை செய்யாமல், பத்து மாதமும் பத்துக் கண்டம் என்று பார்க்கிற பார்வை அது. எங்கள் பக்கத்தில் "ஏழு மாசத்துப் புள்ள பொழைக்கும், எட்டு மாசத்துப் புள்ள தங்காது" என்பார்கள். இது நம்முடைய தனிச்சொத்து இல்லை. கிரேக்கத்தின் ஹிப்போக்ரடீஸ் மரபு நூல்களில் எட்டு மாதக் குழந்தையைப் பற்றியே தனியாக ஒரு நூல் உண்டு. உண்மையில் ஒரு மாதம் கூடுதலாக இருந்த பிள்ளைக்கு நுரையீரல் அந்த அளவுக்கு முதிர்ந்திருக்கும், பிழைக்கும் வாய்ப்பும் அதிகம். தவறான நம்பிக்கை ஏன் இத்தனை நூற்றாண்டு, இத்தனை நாட்டில் நின்றது? ஏழு மாதப் பிள்ளையைப் பெற்றவளுக்கு அது ஒரு பிடிமானத்தைக் கொடுத்தது. எட்டு மாதப் பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு ஒரு காரணத்தைக் கொடுத்தது. அதனால்தான் நின்றது என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு சான்று. சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியதாகச் சொல்லப்படும் புறநானூற்றின் 74ஆம் பாடல், இறந்து பிறந்த குழந்தையையும், உருவம் கூடாத தசைப்பிண்டத்தையும்கூட ஆள் இல்லை என்று ஒதுக்காமல் வாளால் கீறும் வழக்கத்தைக் குறிப்பிடுகிறது. பாடப்புத்தகத்தில் இதை மறக்குலப் பெருமையாகப் படித்துவிட்டுப் போய்விட்டோம். வேறு விதமாகவும் வாசிக்கலாம். எந்தக் கட்டத்திலிருந்து ஒரு உயிரை 'ஆள்' என்று கணக்கில் சேர்ப்பது என்ற கேள்வி அதில் இருக்கிறது. மன்னர்குடி, முழுதாகப் பிறக்காததையும் ஆளாக்கி வழியனுப்பியது. சாதாரணக் குடும்பங்கள் இதற்கு நேரெதிரான தந்திரத்தைக் கையாண்டன. தங்காத வயிற்றில் பிறந்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பம்மா என்றார்கள். தவிட்டைக் கொடுத்து வாங்கியதாகப் பாவனை செய்தார்கள். பிச்சை என்று பெயர் வைத்தார்கள். எமன் கண்ணில் இது ஆளாகவே தெரியக்கூடாது என்பது நோக்கம். ஒன்று எண்ணிக்கையில் சேர்க்கிறது, மற்றது எண்ணிக்கையிலிருந்து ஒளிக்கிறது. நவீன மருத்துவமனைப் பதிவேடு இந்த இரண்டில் எதைச் செய்கிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். மருத்துவச்சியையும் பாட்டி வைத்தியத்தையும் தூக்கிப்பிடித்து, ஆஸ்பத்திரி வந்துதான் எல்லாம் கெட்டது என்று சொல்லும் கதையாடலில் எனக்கு உடன்பாடில்லை. ஊர்ப் பிரசவங்களைப் பார்த்த மருத்துவச்சி பெரும்பாலும் நாவிதர் குடும்பத்துப் பெண். பிள்ளை எடுக்க அவள் கை வேண்டும், ஆனால் பிள்ளை எடுத்த கையோடு அவள் அடுப்படிக்குள் வரக்கூடாது. அந்த வீட்டிலும் ஒரு கதவு இருந்தது. பிழைத்த பிள்ளைகளின் கதைகள் நம்மிடம் இருக்கின்றன. பிழைக்காதவை கதையாகவில்லை, அவ்வளவுதான். 1971இல் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 ஒரு வயது நிறையுமுன் இறந்தன. 2020இல் அது 13. நூறு வீட்டில் நேர்ந்திருக்க வேண்டிய சாவு இன்று நேராமல் இருக்கிறது என்பது எந்தக் கோட்பாட்டைவிடவும் பெரிய விஷயம். கேள்வி அதுவல்ல. பிழைக்கவைப்பதற்குப் பிரித்துவைப்பது எப்போதும் தேவையாக இருந்ததா என்பதே கேள்வி.

3

பெட்டி பிறந்தது பாரிஸில். 1870–71இல் பிரஷ்யாவிடம் தோற்ற பிரான்சுக்கு மக்கள்தொகை பற்றிய பயம் பிடித்துக்கொண்டது. பிறப்பு குறைகிறது, ஜெர்மனியில் கூடுகிறது, நாளைக்கு ராணுவத்துக்கு ஆள் எங்கே? ஃபூக்கோ 1976இல் எழுதிய, உயிரைப் பேணி வளர்ப்பதன் வழியாக ஆளும் அதிகாரம் என்ற கருத்துக்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் தேட வேண்டியதில்லை. அதுவரை விதி என்று விடப்பட்ட எடைகுறைந்த பிள்ளை, அரசுக்கு வேண்டிய உயிராக மாறியது. ஸ்டெஃபான் டார்னியே என்ற மகப்பேறு மருத்துவர் பாரிஸ் விலங்குக் காட்சிசாலையில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்துவிட்டு, அதைச் செய்த ஓடில் மார்ட்டினைக் கொண்டே குழந்தைகளுக்கு ஒன்றைச் செய்யச் சொன்னார். 1880களின் தொடக்கத்தில் அது பாரிஸ் மகப்பேறு மருத்துவமனையில் வேலைக்கு வந்தது. வெந்நீரால் சூடேறும் மரப்பெட்டி. ஒன்றில் பல குழந்தைகள்.

1893இல் அதே மருத்துவமனையில் எடைகுறைந்த பிள்ளைகளுக்குத் தனிப்பிரிவு ஒன்று உருவானது. அதை அமைத்தவர் அங்கே தலைமை மருத்துவச்சியாக இருந்த மதாம் ஆன்ரி. வரலாறு அதிகமாக நினைவில் வைத்திருப்பது அவருக்குப்பின் பொறுப்பேற்ற பியர் புதேனை. 1900இல் வெளியான தம் நூலில் புதேன், பெட்டியைப் பற்றி மட்டும் எழுதவில்லை. பிரித்துவைக்கப்பட்ட தாய்க்குப் பால் வற்றுகிறது, பிள்ளைமீதான பிடிப்பும் விட்டுப்போகிறது, ஆகவே தாயைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தினார். அதாவது, பெட்டியை மருத்துவத்துக்குள் நிலைநிறுத்தியவரே கதவைத் திறந்துவைக்கச் சொன்னார். 120 ஆண்டுக்கு முன்பே விடை கையில் இருந்தது.

பிறகு நடந்ததுதான் விநோதம். மார்ட்டின் கூனி என்பவர் 1896 பெர்லின் பொருட்காட்சியில் பெட்டிகளில் நிஜக் குழந்தைகளை வைத்துக் காட்சிப்படுத்தினார். அடுத்த ஆண்டு லண்டன். 1903 முதல் 1943 வரை நியூயார்க்கின் கோனித் தீவுக் கேளிக்கைப் பூங்காவில், ராட்டினத்துக்கும் வித்தைக்காரர்களுக்கும் நடுவே, நுழைவுச்சீட்டு வாங்கி யாரும் குறைமாதக் குழந்தைகளைப் பார்க்கலாம். பெற்றவர்களிடம் அவர் காசு வாங்கவில்லை. வேடிக்கை பார்ப்பவர்களின் காசில் வைத்தியம் நடந்தது. மருத்துவமனைகள் அந்தக் குழந்தைகளை ஏற்காத காலத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அங்கே பிழைத்தன. ஊரார் எல்லாரும் சீட்டு வாங்கிப் பார்க்க முடிந்த பிள்ளை அது. பின்னாளில் மருத்துவமனைகள் அதே பிள்ளையைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டபோது, ஊரார் மட்டுமில்லை, பெற்றவளும் பார்க்க முடியாமல் போயிற்று.

காரணம் கிருமி. தொற்றுக்கு எதிரான மருந்துகள் இல்லாத காலத்தில் அந்தப் பயம் நியாயமானது. 1930களிலிருந்து 60கள் வரை மேற்குலக மருத்துவமனைகளில் குறைமாதப் பிரிவு என்பது கண்ணாடிச் சுவர், மூடிய கதவு, வாரத்தில் சில நிமிடப் பார்வை என்றாயிற்று. நிபுணத்துவத்தின் கையில் பிள்ளை முழுவதுமாகப் போனது. அந்த நிபுணத்துவமும் தவறியது. தாராளமாகக் கொடுத்த ஆக்ஸிஜனால் விழித்திரை கெட்டு, 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்தன. 1942இல் பாஸ்டனில் டெர்ரி அந்த நோயைப் பதிவுசெய்தார். ஆக்ஸிஜன்தான் காரணம் என்று உறுதிப்பட ஏறக்குறைய 12 ஆண்டுகள் ஆயின. பணமும் பதவியும் இருந்தால் கதவு திறக்கும் என்றும் இல்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, மூச்சு முட்டி, இரண்டு நாளில் இறந்தான். நுரையீரலை விரித்துவைக்கும் ஒரு வழுவழுப்புப் பொருள் குறைமாதப் பிள்ளைக்குப் போதாமல் இருப்பதை 1959இலேயே மேரி எலன் ஏவரி காட்டியிருந்தார். மருந்தாக அது குழந்தைகளுக்குப் பயன்பட 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

4

கதவு திறந்த கதைக்கு வருவோம். 1970இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஒரு சிறிய ஆய்வு வெளியானது. தாய்மார்களைக் குறைமாதப் பிரிவுக்குள் விட்டுப் பார்த்தார்கள், தொற்று கூடவில்லை. இவ்வளவு எளிய சோதனையைச் செய்ய இத்தனை பத்தாண்டுகள் ஆனது ஏன்? கதவு மருத்துவத் தேவையாகத் தொடங்கி, பிறகு நிறுவனத்தின் பழக்கமாகி, கடைசியில் அதிகாரத்தின் அடையாளமாகிவிட்டது. பழக்கத்தை யாரும் ஆய்வு செய்வதில்லை.

இரண்டாவது திறப்பு ஏழை நாட்டில் நடந்தது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்து மகப்பேறு மருத்துவமனையில் பெட்டி போதவில்லை. ஒரே பெட்டியில் பல பிள்ளைகள், தொற்று, சாவு, கைவிடப்பட்ட குழந்தைகள். எட்கர் ரே சனாப்ரியாவும் பிறகு எக்டர் மார்ட்டினெஸும் பிள்ளையைத் தாயின் மார்பில் தோலோடு தோலாகக் கட்டி வைத்தார்கள். 'கங்காரு முறை' என்று பெயர் வந்தது அப்படித்தான். பற்றாக்குறைக்கு மாற்றாக வந்தது, மெல்ல மெல்ல முறையாகவே ஏற்கப்பட்டது.

இந்தியாவிலும் இதே காலத்தில் சில வேலைகள் நடந்தன. 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் அர்மிடா ஃபெர்னாண்டஸ் நாட்டின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் குழுவினர், பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்களைக் கொண்டு வீட்டிலேயே பச்சிளங்குழந்தையைப் பராமரித்துச் சாவைக் கணிசமாகக் குறைக்க முடியும் என்று 1999இல் காட்டினார்கள். 2003இல் மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்ட மருத்துவமனையில், பெருநகரத்துக்கு வெளியேயும் நோயுற்ற பச்சிளங்குழந்தைகளுக்கான தனிப்பிரிவை நடத்த முடியும் என்று அருண் சிங் நிறுவினார். இன்று மாவட்டந்தோறும் நாம் பார்க்கும் 'எஸ்.என்.சி.யு.' என்ற பெயர்ப்பலகைக்கு முன்மாதிரி அந்தப் புருலியாதான்.

5

இனி நம் ஊருக்கு வரலாம். பெரம்பலூர் ஊருக்கு இன்றும் ரயில் கிடையாது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலைதான் கதி. மானாவாரிப் பருத்தி, மக்காச்சோளம், செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம். அரியலூருக்கு ரயில் உண்டு, சுண்ணாம்புக்கல் உண்டு, சிமெண்ட் ஆலைகள் உண்டு, லாரிகள் உண்டு. நல்ல மருத்துவம் என்பது இரண்டுக்கும் வெளியே இருந்தது. இங்கே மூச்சுத் திணறிய பச்சைப்பிள்ளை போக வேண்டியது திருச்சிக்கு. இல்லாவிட்டால் கொள்ளிடம் தாண்டித் தஞ்சாவூருக்கு, ஜெயங்கொண்டம் பக்கமென்றால் அணைக்கரை வழியாகக் கும்பகோணத்துக்கு. ஆர்தர் காட்டன் 1836இல் பாசனத்துக்காகக் கட்டிய கீழணையின் மேல்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். குறைமாதப் பிள்ளைக்கு உடம்பில் கொழுப்பு இல்லை. சூட்டைத் தானே வைத்துக்கொள்ளத் தெரியாது. ஐம்பது அறுபது கிலோமீட்டர் என்பது அதற்குத் தூரமில்லை, குளிர். அம்மாயி மார்போடு அணைத்துக் கொண்டுபோனாளே, அந்த ஒன்றரை மணி நேரம் அவள் செய்தது இன்று பாடநூலில் இருக்கும் சிகிச்சை. கதவு வந்ததும் அது நின்றுபோனது.

1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001 ஜனவரியில் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002 மார்ச் முடிவில் மறுபடி பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007 நவம்பரில் மீண்டும் பிரிந்தது. எங்கள் மாவட்டமே குறைமாசத்தில் பிறந்து, திரும்ப வயிற்றுக்குள் போய், மறுபடி பிறந்த மாவட்டம் என்று ஊரில் கேலி பேசுவதுண்டு. ஆனால் கோடு கிழிப்பது வெறும் நிர்வாகக் காரியமில்லை. மாவட்டம் என்றால் தலைமை மருத்துவமனை. தலைமை மருத்துவமனை என்றால், 2005இல் தேசிய ஊரக நலவாழ்வுத் திட்டம் வந்தபின், பச்சிளங்குழந்தைப் பிரிவு. ஒரு ஊர் மாவட்டத் தலைநகராகிறதா இல்லையா என்பதைப் பொறுத்து, ஒன்றேகால் கிலோப் பிள்ளைக்கு வார்மர் பத்து கிலோமீட்டரில் இருக்கிறதா அறுபதில் இருக்கிறதா என்பது முடிவானது. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரியே திறந்தாயிற்று. இவையெல்லாம் உயிர் காத்தவை. இதில் சந்தேகமில்லை.

ஆனால் திட்டங்களை வாசிக்கும் விதம் ஒன்று உண்டு. 2011இல் வந்த தாய்–சேய் இலவசப் பராமரிப்புத் திட்டம், அரசு ஆஸ்பத்திரியில் பிரசவமும் பச்சிளங்குழந்தையின் வைத்தியமும் மருந்தும் போக்குவரத்தும் இலவசம் என்றது. மகத்தான அறிவிப்பு. அதில் தாய்க்குச் சாப்பாடு எத்தனை நாள்? சுகப்பிரசவத்துக்கு 3, அறுவைக்கு 7. அதாவது, திட்டத்தை எழுதியவர்கள் மனதில் இருந்தது பிரசவம். பிரசவத்துக்குப் பின் நாற்பது நாள் காத்திருக்கும் பெண் அவர்கள் மனதில் இல்லை. அவள் எங்கே படுப்பாள், என்ன சாப்பிடுவாள், மூத்த பிள்ளையை யார் பார்ப்பார்கள், வெங்காயம் பிடுங்க ஆள் வேண்டிய நேரத்தில் அவள் புருஷன் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தால் கூலி என்னாவது? இந்தக் கணக்கு எந்தத் தலைப்பிலும் இல்லை.

அந்தத் தாழ்வாரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு மணிக்கு ஒரு தடவை பாலுக்குக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் எழுந்து, கையைக் கழுவி, பீய்ச்சி, கொடுத்துவிட்டு வர வேண்டும். இரண்டு மில்லி, மூன்று மில்லி என்று குழாய் வழியாக இறங்கும் பால். "இன்னிக்கு அஞ்சு மில்லி ஏத்திட்டாங்களாம்" என்பது அங்கே நல்ல செய்தி. எடை இருபது கிராம் கூடினால் பக்கத்துப் பாய்க்காரிக்கும் சந்தோஷம். பக்கத்துப் பாய் திடீரென்று காலியானால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. புருஷன் துபாயிலோ சிங்கப்பூரிலோ திருப்பூரிலோ இருப்பான். போட்டோ அனுப்பு என்பான். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. திங்களும் வெள்ளியும் மட்டும் நடை திறக்கும் சிறுவாச்சூர் மதுரகாளிக்கு ஒருத்தி மஞ்சள்துணியில் காசு முடிந்துவைப்பாள். வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சியின் அடைக்கல மாதாவுக்கு இன்னொருத்தி நேர்ந்துகொள்வாள். சில சமயம் இரண்டையும் ஒருத்தியே செய்வாள். அங்கே சாதி முற்றாக மறைந்துவிடுகிறது என்று கதை விட மாட்டேன். ஆனால் பால் சுரக்காதவளுக்குப் பூண்டும் கருவாடும் யார் வீட்டுத் தூக்குவாளியிலிருந்து வருகிறது என்று அங்கே ரொம்ப நேரம் விசாரிக்க முடியாது.

இப்போது பதிவேட்டுக்கு வருகிறேன். பெட்டிக்குள் இருக்கும் பிள்ளையின் கையில் கட்டும் சீட்டில் பெயர் இருக்காது. 'பேபி ஆஃப்' என்று போட்டு, தாயின் பெயர். இரட்டை என்றால் ஒன்று, இரண்டு. பெயரின்றியே பிறப்பைப் பதியலாம், பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்பதை 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14ஆம் பிரிவும் ஒத்துக்கொள்கிறது. தகப்பன் பெயரின் முதலெழுத்தில்லாமல் பள்ளிக்கூட வாசல்கூட மிதிக்க முடியாத நம் சமூகத்தில், ஒரு உயிர் முழுக்க முழுக்கத் தாயின் பெயரால் மட்டும் அறியப்படும் இடம் அநேகமாக இது ஒன்றுதான். வேடிக்கை என்னவென்றால், உள்ளே அந்தப் பெயரால்தான் எல்லாம் நடக்கிறது. பெயருக்கு உரியவள் வெளியே நிற்கிறாள்.

பெண்குழந்தை என்றால் இன்னொரு அடுக்கு. 2011 கணக்கெடுப்பில் அரியலூர் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண்பிள்ளைகளுக்குப் பெண்பிள்ளைகள் 900க்கும் கீழே. நாடு முழுக்க எஸ்.என்.சி.யு. சேர்க்கையிலும் பெண்குழந்தைகளின் பங்கு பாதிக்குக் குறைவு. ஆண்சிசுவுக்கு இயற்கையிலேயே பலவீனம் கொஞ்சம் அதிகம் என்பது உண்மைதான். அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. "பொம்பளப் புள்ளதான, இருக்கிற காச எதுக்கு இப்பிடிக் கரைக்கிறீங்க" என்று தாழ்வாரத்துக்கே வந்து சொல்லிவிட்டுப் போன உறவுக்காரர்களை எனக்குத் தெரியும்.

சாவு நேர்ந்தால் பேச்சு எப்படித் திரும்புகிறது என்பதற்கு 2014 நவம்பர் ஒரு சான்று. தருமபுரி அரசு மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் இறந்தன. எடை குறைவு, குறைமாதம் என்பதே அரசுத் தரப்பு முதன்மையாகச் சொன்ன விளக்கம். பொய்யில்லை. ஆனால் 'குறை' என்ற சொல் நகரும் பாதையைக் கவனியுங்கள். மாதத்தில் குறை, எடையில் குறை, அப்புறம் தாயின் ரத்தத்தில் குறை, வயதில் குறை, அறிவில் குறை. ரத்தசோகையும் இளவயதுக் கல்யாணமும் குறைமாதப் பிறப்புக்குக் காரணங்கள்தாம். அவை ஏன் அவள் உடம்புக்கு வந்தன என்ற கேள்வி வருமுன் சொல்லாடல் முடிந்துவிடுகிறது.

6

2017இல் மத்திய அரசு, குடும்பத்தையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும் பராமரிப்புக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. 2021இல் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாட்டு மருத்துவமனைகளில் உலக நலவாழ்வு நிறுவனம் நடத்திய ஆய்வு வெளியானது. 1 முதல் 1.8 கிலோவுக்குட்பட்ட பிள்ளைகளை, நிலைமை சீராகட்டும் என்று காத்திராமல், பிறந்த உடனே தாயின் மார்பில் வைத்தார்கள். 28 நாளுக்குள் இறப்பு நூற்றுக்கு 15.7இலிருந்து 12.0 ஆகக் குறைந்தது. இதைச் செய்ய அவர்கள் முதலில் செய்ய வேண்டியிருந்தது, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கு ஒரு கட்டில் போடுவது.

நான் உள்ளே போயிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று அக்கா 1996இல் கேட்டதற்கு, 25 ஆண்டு கழித்து வந்த பதில் இது. அவள் பிள்ளை பிழைத்திருக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை. சராசரியிலிருந்து ஒரு பிள்ளையின் கணக்கை எடுக்க முடியாது. அன்றைக்கு அந்தப் பிள்ளையின் நுரையீரலுக்கு வேண்டியது வேறாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அவள் கேட்டது புலம்பல் இல்லை, ஆய்வுக்குரிய கேள்வி என்பது மட்டும் உறுதியாகிவிட்டது.

அம்மாயியின் பாலாடைக்கும் ஒரு பின்கதை உண்டு. பாலாடை, சங்கு, சங்கடை என்று ஊருக்கொரு பெயரில் வழங்கும் அந்த மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தை, புட்டியோடும் குவளையோடும் ஒப்பிட்டு ஆராய்ந்த ஆய்வு ஒன்று 1999இல் வெளியானது. சப்பிக் குடிக்கத் தெம்பில்லாத பிள்ளைக்கு அதுவே மேல் என்றது. கொதிக்கவைத்துச் சுத்தமாக, பொறுமையாகப் புகட்டினால் போதும். இன்று ஆங்கில மருத்துவ நூல்களில் 'பாலாடை' என்ற நம் சொல்லே அப்படியே இருக்கிறது. எஸ்.என்.சி.யு.க்களில் தினமும் பயன்படுகிறது. பாலாடை உள்ளே போய்விட்டது. அதைக் கொண்டுவந்த கிழவி இன்னும் தாழ்வாரத்தில்தான்.

அதனால் இந்தத் திறப்பைக் கொண்டாடும்போதே ஒரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. குடும்பத்தை உள்ளே அழைப்பது இருவகையில் நடக்கலாம். பிள்ளை அவர்களுடையது, பக்கத்தில் இருப்பது அவர்கள் உரிமை என்று அழைக்கலாம். நர்ஸ் போதவில்லை, பெட்டி போதவில்லை, தாயின் உடம்பு செலவில்லாத சூடு என்றும் அழைக்கலாம். இரண்டிலும் கதவு ஒன்றுபோலத்தான் திறக்கும். வித்தியாசம் கட்டிலில் தெரியும், சாப்பாட்டில் தெரியும், கூலியில் தெரியும். 2017இல் திருத்திய பேறுகாலச் சட்டம் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு தந்தது. முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்குகிறவளுக்கு அது எந்த நாட்டுச் சட்டமோ. அவள் ஒரு நாளில் பல மணி நேரம் அசையாமல் பிள்ளையை நெஞ்சில் கிடத்தியிருக்க வேண்டும் என்று மருத்துவம் சொல்லும்போது, அந்த மணிகளுக்கு யார் பொறுப்பு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? 2020இல் உலகில் குறைமாதத்தில் பிறந்தவை 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள், இந்தியாவில் மட்டும் சுமார் 30 லட்சம். இவ்வளவு பேருக்கும் சூடு தந்துகொண்டிருக்கும் உழைப்பு எந்தப் பட்ஜெட்டிலும் ஒரு வரியாகக்கூட இல்லை.

அக்காவிடம் அந்தச் சீட்டு இன்னும் இருக்கிறது. 'பேபி ஆஃப்' என்று போட்டு அவள் பெயர், ஒரு தேதி, ஒரு எடை. ரேஷன் கார்டு, நிலப்பத்திரம் வைத்திருக்கும் டிரங்குப் பெட்டியிலேயே அதையும் வைத்திருக்கிறாள். போன வருடம் ஏதோ காகிதம் தேடும்போது கையில் கிடைத்தது. "இதுல அவ பேருன்னு ஒண்ணுமே இல்லயேக்கா" என்றேன். "எம் பேருதான் அவ பேரு" என்றாள்.